நெட்டை அர்ச்சுனன் பெண்கள்

மரக்காணம்
11.9.2005

தமிழு,

இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படி. ஜெயா அறையில் இருந்தால் அவளை வெளியே அனுப்பிவிட்டுப் படி. அவள்மேல் கோபப்படாதே. லீவுக்குத் தன் ஊர் அனுமந்தைக்கு வந்தவள், அப்படியே நம் அம்மாவையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இங்கே இறங்கியிருக்கிறாள். நானும் அப்போது அம்மா வீட்டில்தான் இருந்தேன். உன் போட்டோ வந்த பேப்பரை அம்மா எடுத்துக் காட்டினாள். "எங்க பொண்ணு ரெக்கார்டு பண்ணிட்டா பாத்தியா" என்று ஒரே பெருமை. ஜெயா பேப்பரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அம்மா டீ போட உள்ளே போனதும் நான் பிடித்துக்கொண்டேன்.

"மேட்ச் முடிஞ்சு கை குடுத்துட்டு வந்தாக்கா. அப்படியே விழுந்துட்டா. மூஞ்சில தண்ணி தெளிச்சும் கண்ணு தொறக்கல. நாங்கல்லாம் அழுதுட்டோம்" என்றாள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உனக்கு அப்பா செத்தது தெரியும், எப்படிச் செத்தார் என்று தெரியாது. நீ அப்போது ஆறாவது, பள்ளிக்கூடத்தில் இருந்தாய். நான் பரீட்சை லீவில் உப்பளத்துக்கு அவருக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் வந்துகொண்டிருந்தார். நடுவில் நின்றார். கூடையைக் கீழே போடவில்லை, மெதுவாக இறக்கி வைத்தார். "மலரு, முதுகுல யாரோ துணி கிழிக்கிற மாதிரி இருக்குதுடி" என்றார். நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வருவதற்குள் பாத்தியில் குப்புற விழுந்து கிடந்தார். உப்புத் தண்ணீரில் முகம். மாரடைப்பு என்றார்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தவர் இல்லை.

அந்த முகத்தை நான் பார்த்தவள். அதனால் சொல்கிறேன். பாஸ்கெட்பாலை நிறுத்திவிட்டு ஒரு நல்ல டாக்டரிடம் போ. உடனே பதில் போடு. பூத்துக்குப் போன் பண்ணாதே, அந்தக் கடைக்காரன் நாம் பேசுவதை எல்லாம் கேட்டு ஊருக்குச் சொல்கிறான்.

மலர்

*

சென்னை
16.9.2005

அக்கா,

ஜெயாவை நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு நாள் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

விழுந்தது உண்மை. காலையில் ஹாஸ்டல் பொங்கல் பிடிக்காமல் ஒரு வாழைப்பழத்தோடு போய்விட்டேன். சிமெண்ட் கோர்ட், மேலே வெயில். அசோகன் சார் குளுக்கோஸ் கொடுத்தார், எழுந்து உட்கார்ந்தேன். அவர் பல வருஷமாகக் கோச். பொண்ணுங்க மயங்கி விழுவது அவருக்குப் புதிது இல்லை.

ஜெயா விழுந்ததை மட்டும் சொல்லியிருக்கிறாள். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லவே இல்லை பார். ஐம்பத்தொரு பாயின்ட், அக்கா! எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பெண் ஒரே ஆட்டத்தில் இவ்வளவு எடுத்ததே கிடையாதாம். பழைய ரெக்கார்டு நாற்பத்து நாலு, நான் பிறப்பதற்கு முன்னால் யாரோ எடுத்தது. முதல் பாதியில் என்னை ஒருத்தி மறித்தாள். அப்புறம் இரண்டு பேர். கடைசியில் மூன்று பேர் சுற்றி நின்று கையைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். நான் அவர்கள் தலைக்கு மேலே சும்மா கையை நீட்டிப் பந்தை வாங்கி உள்ளே போட்டுக்கொண்டிருந்தேன். ரிங் எனக்காக இறங்கி வந்து நிற்கிற மாதிரி இருந்தது. எதிர் டீம் கோச் அவர் பொண்ணுங்களைத் திட்டுகிறார், "அவள நிறுத்துங்கடி, நிறுத்துங்கடி" என்று. யாராலும் முடியவில்லை.

நம் தெருவில் அப்பாவுக்கு நெட்டை அர்ச்சுனன் என்று பேர், எனக்கு என்ன பேர் என்று ஞாபகம் இருக்கிறதா? "ஏ நெட்டச்சி, மேல மழ பெய்யுதா?" பஸ்ஸில், கல்யாண வீட்டில், கோயில் வரிசையில் எல்லாம் கூனிக்கொண்டே நின்றேன். இங்கே ஆறடி ஒரு அங்குலமும் நிமிர்ந்து நிற்கிறேன். நான் கோர்ட்டுக்குள் வந்தால் எதிர் டீம் பயப்படுகிறது. அதை விடச் சொல்கிறாயே.

அப்பா கதையை எழுதி என்னைப் பயமுறுத்தாதே. எனக்கு வயது பத்தொன்பது. ஜனவரியில் இந்தியா கேம்ப்புக்கு ஆள் எடுக்கிறார்கள். என் பேரைச் சார் அனுப்பியிருக்கிறார். அம்மாவிடம் அதைச் சொல், மற்றதைச் சொல்லாதே.

தமிழ்

*

மரக்காணம்
23.10.2005

தமிழு,

முதலில் நல்ல விஷயம். நான் முழுகாமல் இருக்கிறேன். நாள் தள்ளிப்போய் இரண்டு தடவை ஏமாந்தோம் அல்லவா, அதனால் நிலைக்கட்டும் என்று இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது ஐந்து மாதம். உன் மாமா தரையில் நடக்கவில்லை. உப்பு லோடு ஏற்றிக்கொண்டு பாண்டிக்குப் போனால் வரும்போது ஏதாவது பழம் வாங்காமல் வருவதில்லை. அத்தை என்னை அடுப்புப் பக்கமே விடுவதில்லை. "நீ கல்லு மாதிரி உக்காரு, இந்த ஆராயி ஆக்கிப் போடுறா" என்கிறாள்.

மழை பிடித்துக்கொண்டது. உப்பளம் எல்லாம் ஏரியாக நிற்கிறது, எல்லோரும் வீட்டில்தான்.

வளைகாப்பு கார்த்திகையில், டிசம்பர் நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. நீ முதல் நாளே வந்துவிடு. எனக்கு இருக்கிறது ஒரே ஒரு தங்கச்சி. முதல் வளையல் நீதான் போட வேண்டும்.

வரும்போது டாக்டரிடம் காட்டிவிட்டேன் என்ற சேதியோடு வா. நீ போயிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். போன கடிதத்தில் நீ பாயின்டுக் கணக்கு எல்லாம் எழுதினாய், விழுந்தபோது எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதவில்லை. நெஞ்சு வலித்ததா? முதுகு? நான் கேட்டதற்கு மட்டும் பதில் எழுது.

எனக்கும் இப்போதெல்லாம் நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. நர்சம்மா, "வயித்துல புள்ள இருந்தா அப்படித்தாம்மா" என்கிறாள். எனக்கு என்னைப் பற்றிப் பயம் இல்லை. உன்னைப் பற்றித்தான்.

மலர்

*

சென்னை
27.11.2005

அக்கா,

நீ முழுகாமல் இருப்பதைப் படித்துவிட்டு ஹாஸ்டல் வராந்தாவில் கத்தினேன். வார்டன் வெளியே வந்து பார்த்தார். சந்தோஷம், அக்கா.

ஆனால் நாலாம் தேதி வர முடியாது. அன்றைக்குத்தான் கோழிக்கோட்டில் தென்மண்டல செமி ஃபைனல். கேப்டன் நான். கேம்ப்புக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்து உட்கார்ந்து பார்க்கப்போவது அந்த ஆட்டத்தைத்தான். தேதியை மாற்றச் சொன்னால் உன் அத்தை கேட்பார்களா? கேட்க மாட்டார்கள். டோர்னமெண்ட்காரர்களும் கேட்க மாட்டார்கள்.

டாக்டர், நெஞ்சு, முதுகு என்று எழுதுவதை நிறுத்து. எனக்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தடவை பந்தை எடுக்கும்போதும் உன் கடிதம் ஞாபகத்துக்கு வருகிறது, கை தயங்குகிறது. போன வாரம் சுலபமான பந்தை எல்லாம் விட்டேன். சார் திட்டினார். அது உன்னால்தான்.

ஒன்று சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் பி.டி. சார் முதலில் கூப்பிட்டது உன்னைத்தான். அப்பா போனதும் நீ புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவோடு உப்பளத்துக்குப் போனாய். உன் இடத்துக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அதை நான் மறக்கவில்லை. அதற்காக நீ விளையாடாமல் போனதால் நானும் விளையாடக் கூடாது என்று இருக்கிறாயா? உன் பக்கத்தில் வந்து அந்தத் தெருவில் கூனிக்கொண்டு நின்றால்தான் உனக்கு நிம்மதியா?

தமிழ்

*

மரக்காணம்
8.12.2005

செந்தமிழுக்கு,

வளைகாப்பு நடந்தது. பாதி ஜனம் மழையால் வரவில்லை. முதல் வளையலை அம்மா போட்டாள். கடையில் இருந்ததிலேயே சின்ன அளவு வாங்கியும் என் மணிக்கட்டில் நிற்காமல் எல்லாம் நழுவி விழுந்தன. "இன்னா கை இது, குச்சி மாதிரி" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீ எழுதியதை உன் மாமாவிடம் காட்டவில்லை. அம்மாவிடமும் காட்டவில்லை.

நான் பந்தைத் தொட்டு எட்டு வருஷம் ஆகிறது. உன் மேல் எனக்குப் பொறாமை இருந்தால் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை உன் பங்கு உப்பையும் நான் சேர்த்து வாரியிருக்க மாட்டேன்.

இனி எழுத மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

மலர்கொடி

*

சென்னை
19.12.2005

அக்கா,

நீ எழுதவேண்டாம், நான் எழுதுவதை மட்டும் படி. கிழித்துப் போடாதே. உன் காலில் விழுகிறேன்.

நான் எழுதிய அந்தக் கேவலமான வார்த்தைகளுக்கு அப்புறம் அடி வாங்கிக்கொள்கிறேன். இப்போது நான் சொல்வதைச் சிரிக்காமல் செய். உன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கு. அதன்மேல் மற்ற நாலு விரலையும் வைத்து மூடு. சுண்டுவிரல் பக்கம் கட்டைவிரல் நகம் வெளியே வருகிறதா என்று பார். அப்புறம் ஒரு கையால் இன்னொரு மணிக்கட்டைச் சுற்றிப் பிடி. கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறதா பார். வளையல் நழுவியது என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் கண்ணாடி பவர் எவ்வளவு? அப்பாவும் அந்த மாதிரி சோடா புட்டிக் கண்ணாடிதானே போட்டிருந்தார்?

மாமாவைக் கூட்டிக்கொண்டு பாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. பிள்ளைக்கு இல்லை, உன் நெஞ்சுக்கு. எக்கோ எடுக்க வேண்டும் என்று சொல். நெஞ்சுக்குள்ளே படம் எடுக்கிற, வலி இல்லாத டெஸ்ட். ஏன் என்று இப்போது கேட்காதே. கனமாக எதையும் தூக்காதே, குடம்கூட. முதுகில் வலி வந்தால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் இருக்காதே.

ஆட்டத்தில் ஜெயித்தோம். அது இப்போது முக்கியம் இல்லை.

தமிழ்

*

மரக்காணம்
24.12.2005

தமிழு,

எழுத மாட்டேன் என்றுதான் இருந்தேன். நீ எழுதவைத்துவிட்டாய்.

அடுப்படியில் நின்று நீ சொன்ன மாதிரி விரலை மடக்கினேன். நகம் முழுக்க வெளியே வந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் வரும் என்று நினைத்தேன். அத்தையைச் செய்யச் சொன்னேன், வரவில்லை. உன் மாமாவுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டு மருமகளுக்கு வரவில்லை. அம்மாவுக்கும் வரவில்லை. அப்போது பிடித்தது பயம். அப்பா பீடி பற்ற வைக்கும்போது அந்த நீட்டு விரல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன், அதெல்லாம் நினைப்புக்கு வருகிறது.

அத்தை திட்டினாள். "முழுகாம இருக்கிறவ கையை முறுக்கிக்கினு விளையாடாத" என்றாள். ஆஸ்பத்திரி என்று சொன்னதும் உன் மாமா, "எதுக்கு மலரு? நர்சம்மாதான் எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்கல்ல. ஏழு மாசம் முடிஞ்ச புள்ளத்தாச்சிய இந்த ரோட்டுல பஸ்ல ஏத்திக் குலுக்கச் சொல்றியா?" என்கிறார். மழையில் ரோடு பல இடத்தில் அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. அவர் சொல்வதும் நியாயம்தான். அவர்களுக்கு நான் என்ன காரணம் சொல்வேன்? தங்கச்சி விரலை மடக்கச் சொன்னாள் என்றா?

நீ எதையோ மறைக்கிறாய். சுனாமி வந்து நாளை மறுநாளோடு ஒரு வருஷம். ஊரே மெழுகுவத்தி வாங்கி வைத்திருக்கிறது, எல்லோர் முகத்திலும் சாவுக் களை. இந்த நேரத்தில் இப்படி ஒரு கடிதத்தைப் போட்டுவிட்டு ஏன் என்று கேட்காதே என்கிறாய். உனக்கு என்ன சொன்னார்கள்? உண்மையைச் சொன்னால் யார் தடுத்தாலும் போகிறேன். சொல்லாவிட்டால் இந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன்.

மலர்

*

சென்னை
28.12.2005

அக்கா,

சொல்கிறேன்.

கோழிக்கோட்டிலிருந்து வந்ததும் கேம்ப்புக்குப் போகிறவர்களுக்கு மெடிக்கல் என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஒரு லேடி டாக்டர். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் எடுக்கவே இல்லை. அப்புறம் என் விரலைப் பார்த்தார், கையை விரிக்கச் சொல்லி அளந்தார், எக்கோ எடுக்க அனுப்பினார். இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக் குழாய் அடியில் பலூன் மாதிரி வீங்கியிருக்கிறதாம். மார்ஃபான் என்று ஒரு பேர் சொன்னார். பிறவியிலேயே வருவது. நம் உயரம், நீட்டு விரல், கண்ணாடி எல்லாம் அதோடு சேர்ந்ததுதானாம். குதித்தாலோ, யாராவது மோதினாலோ அந்தக் குழாய் கிழியலாம். "இனிமே பந்தைத் தொடாதம்மா" என்றார்.

உனக்குச் சொல்லக் கூடாது, சாருக்குச் சொல்லக் கூடாது என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன். உடம்பு நன்றாக இருக்கிறது என்று எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் கேம்ப்புக்குப் போதும். அப்படி எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். நாட்டுக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டால் போதும், அப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அவர் கேட்டார். "அப்பா எப்படிம்மா இறந்தாரு?"

நீ எழுதியதை அப்படியே சொன்னேன். துணி கிழிக்கிற மாதிரி என்றதும் அவர் தலையை ஆட்டினார்.

"வீட்ல உன்ன மாதிரி உயரமா, ஒல்லியா வேற யாராவது இருக்காங்களா?"

"அக்கா இருக்கா மேடம். மாசமா இருக்கா."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். "எத்தனாவது மாசம்?" என்றார். இந்த நோய் இருக்கிறவர்களுக்குக் கடைசி மாதங்களிலும் பிரசவத்திலும்தான் ஆபத்து அதிகமாம். உனக்கு இருக்கிறதா என்று இப்போதே பார்த்தாக வேண்டும் என்றார்.

காரணம் சொல்லாமலே உன்னை அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். உனக்குச் சொன்னால் அம்மாவுக்குத் தெரியும். தெரிந்த அன்றைக்கே பூத்துக்கு ஓடி அசோகன் சாருக்குப் போன் போடுவாள். எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் விரல், கண்ணாடி என்று சுற்றி வளைத்து எழுதினேன். பத்து நாளை வீணாக்கிவிட்டேன்.

உன் கடிதம் வந்ததும் நேராகக் கோர்ட்டுக்குப் போனேன். சாரிடம் நானே சொன்னேன். அவர் பிராக்டிஸ் பண்ணிக்கொண்டிருந்த பொண்ணுங்களை எல்லாம் போகச் சொல்லிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தார். "அன்னிக்கி நீ விழுந்தப்பவே நான் பாத்திருக்கணும்" என்றார். அப்புறம், "கேம்ப்புக்கு நான் பேசிக்கறேன். நீ முதல்ல உங்க அக்காவ இட்டுக்கினு போ" என்றார்.

இந்தக் கடிதம் வருவதற்கும் நான் வருவதற்கும் அதிக நேரம் இருக்காது. என் எக்கோ படத்தையும் டாக்டர் எழுதிக் கொடுத்ததையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். மாமா கார் வைக்காவிட்டால் நான் உன்னைத் தூக்கிக்கொண்டே பாண்டிக்குப் போவேன். மூட்டையைக் கட்டி வை.

தமிழ்

*

பாண்டிச்சேரி, பெரிய ஆஸ்பத்திரி
3.2.2006

தமிழு,

நீ ஞாயிற்றுக்கிழமை வருவாய். இருந்தாலும் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதது சிலது இருக்கிறது.

இந்தக் கட்டில் என் நீளத்துக்குப் போதவில்லை. கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. போகிற வருகிற நர்ஸ் எல்லாம் இடித்துக்கொள்கிறார்கள். தினம் ஒரு டாக்டர் கூட்டம் வந்து சுற்றி நிற்கிறது. சின்னப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறார்கள். பெரியவர் என் விரலைக் காட்டிப் பாடம் நடத்துகிறார். எனக்கு உன்னைவிட அதிகமாக வீங்கியிருக்கிறதாம். நீ இங்கே இருந்தபோது எல்லோரும் அதை என்னிடம் மறைத்தீர்கள். இங்கிலீஷில் பேசினால் எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டார்கள். நம்பர் எனக்குப் புரியும்.

புதன்கிழமை ஆபரேஷன் பண்ணிப் பிள்ளையை எடுக்கிறார்கள். நான் தாங்கினால், கொஞ்ச நாள் கழித்து நெஞ்சைத் திறந்து அந்தக் குழாயை வெட்டிவிட்டு வேறு குழாய் வைக்கிறார்கள். வால்வும் மாற்ற வேண்டுமாம்.

பயமாக இருக்கிறது, தமிழு. எழுதினால் குறையும் என்று ஆரம்பித்தேன். குறையவில்லை. முதுகில் ஒரு எறும்பு ஊர்ந்தால்கூட, இதோ வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொள்கிறேன். மாத்திரை போட்டுப் போட்டு நெஞ்சு மெதுவாக அடிக்கிறது, அதுவும் பயமாக இருக்கிறது. அத்தை தரையில் பாயைப் போட்டு என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். நீ மழையில் நனைந்த எக்கோ கவரோடு வாசலில் வந்து நின்ற அன்றைக்கு உன்னை எப்படித் திட்டினாள்! இப்போது, "அந்தப் பொண்ணு வரலன்னா இன்னா ஆயிருக்கும்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

நான் இல்லாமல் போனால் அத்தை பிள்ளையை வளர்த்துவிடுவாள். அதில் எனக்குக் கவலை இல்லை. பெண்ணாக இருந்து, நம்மை மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்தால், கூனிக்கொண்டு நடக்க விடாதே. அது ஒன்றுதான் நான் கேட்பது. அப்புறம் வருஷா வருஷம் டாக்டரிடம் காட்டு. அப்பாவுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஆள் இருந்திருந்தால் அவரும் முன்பே கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்திருப்பார்.

கேம்ப் கைவிட்டுப் போனது பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. என்னால்தானே.

மலர்

*

சென்னை
9.4.2006

அக்கா,

வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று மாமா போன் பண்ணினார். மாமா பேசினதைவிட அழுததுதான் அதிகம். பின்னால் பிள்ளை வீல் என்று கத்துவது கேட்டது. பேர் வைத்தாகிவிட்டது, தமிழ்நிலா என்று சொன்னார். என் பேரில் பாதியை எடுத்துக்கொண்டதற்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பரவாயில்லை.

உன்னால் இல்லை, அக்கா. உன்னால் நான் இப்போது உயிரோடு இருக்கிறேன். நீ மாசமாக இல்லாவிட்டால் நான் அந்த டாக்டரிடம் தலையை ஆட்டிவிட்டு நேராக விளையாடப் போயிருப்பேன்.

ஆனால் ஒன்றும் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். போன வாரம் எங்கள் காலேஜ் மைதானத்தில் ஃபைனல். நான் மேலே படியில் உட்கார்ந்து பார்த்தேன். என் இடத்தில் திருச்சியிலிருந்து வந்த ஒரு ஃபர்ஸ்ட் இயர் பெண் ஆடினாள். நல்ல பெண்தான். பந்து ரிங்கில் பட்டு மேலே எழும்பும்போதெல்லாம் என் கால் தானாகத் தரையை அழுத்தியது. இடைவேளையில் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். திரும்பி வந்து ஆட்டம் முடியும்வரை பார்த்தேன். ஜெயித்தார்கள். அந்தப் பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க ஸ்கோர யாராலயும் தொட முடியாதுக்கா" என்றாள். காலேஜ் போர்டில் என் பேரை எழுதிவிட்டார்கள். செந்தமிழ் அ., 51. பெயின்ட் இன்னும் பளபளப்பாக இருக்கிறது. அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு கிளாஸுக்குப் போகிறேன்.

எனக்கும் தேதி கொடுத்துவிட்டார்கள். ஜூன் கடைசியில். வீக்கம் கூடுகிறதாம், இனிமேல் தள்ளிப்போட முடியாது என்கிறார்கள். எனக்கு வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை. நன்றாக இருக்கும் உடம்பை ஏன் வெட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. பஸ் ஏறி எங்கேயாவது போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். மூன்று பேர் சுற்றி நின்று மறித்தபோது பயப்படாதவள், இப்போது ஊசி போடும் பெண் டிரேயோடு வந்தாலே நடுங்குகிறேன். ஜெயாவிடம் சிரித்துப் பேசிக்கொண்டு இருக்கிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அந்த ஆபரேஷன் எப்படி இருந்தது? நீ ஒருத்திதான் எனக்குத் தெரிந்து அங்கே போய்த் திரும்பி வந்தவள். தைரியம் சொல்லாதே. பொய் இல்லாமல் எழுது.

தமிழ்

*

மரக்காணம்
21.5.2006

தமிழு,

பதில் தாமதம். கை தூக்கி எழுத இப்போதுதான் முடிகிறது. பிள்ளையை அத்தை தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

பொய் இல்லாமல் கேட்டாய். எழுதுகிறேன்.

கண் விழித்தபோது தொண்டையில் குழாய் இருந்தது. பேச முடியாது. செத்துவிட்டேனோ என்று நினைத்தேன், அப்புறம் வலி வந்தது, அதனால் சாகவில்லை என்று தெரிந்துகொண்டேன். இருமினால் நெஞ்சு இரண்டாகப் பிளக்கிற மாதிரி இருக்கும். ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரும வேண்டும். முதல் வாரம் ஏன் பிழைத்தோம் என்று இருக்கும். இரண்டாம் வாரம் பசிக்கும். நடுநெஞ்சில் மேலிருந்து கீழே ஒரு கோடு, உப்பளத்து வரப்பு மாதிரி மேடாக இருக்கிறது. இனி நான் உப்பு சுமக்கப் போக முடியாது, குடம் எடுக்க முடியாது. ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை. இன்னொரு பிள்ளை கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நிலாவுக்கும் இது இருக்குமா என்று கேட்டேன். பாதிக்குப் பாதி என்றார்கள், ஒரு வயதில் கொண்டுவரச் சொன்னார்கள். அந்தப் பயத்துக்கு எந்த ஆபரேஷனும் இல்லை. அதோடு இருந்து பழகிக்கொள்கிறேன்.

இன்னொன்று யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. வைத்த வால்வு சத்தம் போடும். டிக், டிக் என்று. வீடு அமைதியாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கே கேட்கும். அத்தை ஒரு நாள் சுவரை எல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "புதுசா கடியாரம் மாட்டிருக்கியா மலரு?" என்றாள். நான் நெஞ்சைக் காட்டினேன். அன்றைக்குத்தான் அவள் ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஆனால் எனக்கு அது சிரிப்பாக இல்லை. ஆஸ்பத்திரியில் அந்தச் சத்தம்தான் என்னைக் கொன்றது. ஒரு டிக் கேட்டதும் அடுத்தது வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். வரும். உடனே அதற்கு அடுத்தது. இப்படியே விடிந்துவிடும். தூங்கினால் கேட்காமல் போய்விடுவேன், கேட்காவிட்டால் நின்றுவிடும் என்று நினைத்தேன். நான் காவல் இருப்பதால்தான் அது ஓடுகிறது என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. அப்பா போனதிலிருந்தே நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன் போல. முதலில் அம்மாவுக்குக் காவல், அப்புறம் உனக்கு.

போன வாரம் ஒரு மத்தியானம், பிள்ளைக்குப் பால் கொடுத்து நெஞ்சுமேல் சாய்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்தேன். அது காதை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு தூங்கிப்போயிற்று. அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் அதற்குத் தூக்கம் வருகிறது, அத்தை தோளில் போட்டால் அழுகிறது. அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மா வந்து எழுப்பும்போது வெயில் இறங்கிவிட்டது. புடவை எல்லாம் பிள்ளை ஈரம் பண்ணியிருந்தது.

காவல் இல்லாமல்தான் ஓடியிருக்கிறது, தமிழு. நான் பாட்டுக்குத் தூங்கியிருக்கிறேன்.

ஜூனில் உன்னோடு நான் வருகிறேன். உன்னை உள்ளே கூட்டிக்கொண்டு போகும்போது கதவு வரைக்கும் வருவேன், கண் திறக்கும்போது எதிரில் இருப்பேன். அத்தை பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு எனக்கு.

மலர்